நைஸ் மனுஷன்

செப்டம்பர் 2, திங்கள்

பியூலா ஐயரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். எங்கள் பாளையங்கோட்டைச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில் ஐயர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையாரைக் கேட்பார். மூன்று முறையும் யாரும் வாயைத் திறக்காவிட்டால் கல்யாணம்.

யாரும் திறக்க மாட்டார்கள். எங்கள் சபையார் பாட்டுப் பாடவே வாயைத் திறப்பதில்லை.

என் தங்கைக்கு வயது ஐம்பத்து நான்கு. மிஷன் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் நானும் அவளும்தான். இப்போது மாப்பிள்ளை என்று வந்திருப்பவர் எட்வின் துரைசிங், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பாடகர் குழுவில் டெனர் பாடுகிறார். பியூலா ஆல்டோ. இரண்டு வரிசையையும் இவ்வளவு பக்கத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது என்று நான் அப்போதே நினைத்தேன்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "ரொம்ப நைஸ் மனுஷன்." பால்காரர் சொல்கிறார். ஐயரின் மனைவி, ஐயரம்மா சொல்கிறார்கள். எதிர்வீட்டு ராஜபுஷ்பம், யாரைப் பற்றியும் நல்லது சொல்லாதவள், அவளும் சொல்கிறாள்.

பெண்கள் பள்ளியில் ஆயுள் முழுக்க ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். காம்போசிஷன் நோட்டில் 'நைஸ்' என்று எவள் எழுதினாலும் சிவப்பு மையால் அடிப்பேன். மை மதர் இஸ் நைஸ், மை ஸ்கூல் இஸ் நைஸ், மை டாக் இஸ் நைஸ். அம்மாவுக்கும் நாய்க்கும் ஒரே சொல்லா ஏட்டி என்று கேட்பேன். ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது சொல்கிற சொல் அது. எட்வினைப் பற்றியும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் நைஸ் என்கிறார்கள்.

இந்த வருட டைரியில் கோடுகளை மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். மலிவுச் சரக்கு.

செப்டம்பர் 4, புதன்

எட்வின் வந்தார். அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று பியூலா சொன்னாளாம். கூடவே ஒரு பை நிறையக் கத்தரிக்காய். போன தடவையும் கத்தரிக்காய்தான். இந்த மனிதருக்கு வேறு காய் தெரியாது.

குழாயைச் சரி செய்தவர் சும்மா போகவில்லை. பின்பக்கம் போய் சுவரைத் தட்டிப் பார்த்தார். "டீச்சர், போர் எத்தன அடிக்குப் போட்டிருக்கு?" என்று கேட்டார். மாடிப்படியில் ஏறி இறங்கி, "நல்ல கட்டுமானம், இப்ப யாரு இப்படிக் கட்டுதா" என்றார்.

குழாய் ரிப்பேர் செய்ய வந்தவருக்குக் கட்டுமானம் எதற்கு? கல்யாணம் முடிந்ததும் சாயர்புரத்தில் தன் வீட்டுக்குப் போகப்போகிறார்களாம். அங்கே வீடு இருக்கிறது என்று அவர் சொல்கிறார். பியூலா ஒரு தடவை போய்ப் பார்த்தாளாம். பார்த்தால் ஆயிற்றா? இங்கே அவர் இருப்பது வாடகை வீடு. எங்கள் வீடு தெருமுனையில், சொந்தக் கிணற்றோடு இருக்கிறது. எனக்கும் கணக்குப் போடத் தெரியும்.

அவர் போன பிறகு காபி போட்டேன். பியூலா ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தாள். உப்பு. சீனி டப்பாவையும் உப்பு டப்பாவையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். "அவரு டப்பாவத் தொடவே இல்லக்கா" என்கிறாள். இப்போதே அவருக்கு வக்காலத்து.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் போன் செய்தார்கள். ஒருத்தி, "யூ வேர் ஸோ நைஸ் டு அஸ், மிஸ்" என்றாள். இவளை நான் எப்படிப் பாஸ் போட்டேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

சபைப் பத்திரிகையில் வாலிபர் பக்கத்துக்கு மாதாமாதம் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதிக் கொடுக்கிறேன். பொருள், புழக்கம், பிறப்பு. போன மாதம் 'சேலரி' எழுதினேன். இந்த மாதம் எதை எழுதலாம் என்று ஐயரம்மா கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை, 'நைஸ்' என்றேன். அச்சாகி வருவதற்குள் மூன்றாவது ஓலை வந்துவிடும். ஆனாலும் எழுதியே தீருவேன்.

அகராதியை எடுத்தேன். எறும்பு சைஸில் எழுத்து. அதுவும் வரிகள் நேராக இல்லை, நடுவில் வளைகின்றன. பைண்டிங் போன புத்தகம்.

பாதி எனக்கு நினைவிலிருந்தே தெரியும். லத்தீனில் நெசியஸ். தெரியாதவன், அறியாதவன் என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது நைஸ் என்றால் மடையன். எழுநூறு வருடத்துக்கு முன் ஒருவனை நைஸ் என்று சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பான். எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் ஓலை. "மறைந்த ஆசீர்வாதம், மறைந்த கிருபையம்மாள் இவர்களின் இளைய குமாரத்தி பியூலா" என்று ஐயர் வாசித்தார். ஐம்பத்து நான்கு வயதில் குமாரத்தி. பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் நிறுத்தியபோது நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுப் புத்தகமும் புது அச்சு, மோசம். மனப்பாடமாகத் தெரிந்ததால் பாடினேன்.

வெளியே வந்ததும் எட்வின் என்னிடம் வந்து, "பைய இறங்குங்க மைனி, படி இருக்கு" என்றார்.

மைனியாம், மதினி முறை கொண்டாடுகிறார். போன வாரம் வரைக்கும் டீச்சர். ஓர் ஓலை வாசித்து முடிப்பதற்குள் மைனி. இன்னும் இரண்டு ஓலை வாசித்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவாரோ. அந்தக் கோயில் படியில் நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து ஏறி இறங்குகிறேன், எனக்குப் படி காட்டுகிறார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன் என்று சொல்லி, எட்வினை அகராதி வாசிக்கச் சொன்னேன். அவரை எதிரில் உட்கார வைத்து ஆராய ஒரு வழி. கண்ணாடி என் மடியில்தான் இருந்தது.

வாசிப்பு தட்டுத்தடுமாறித்தான். ஆனால் முகம் சுளிக்கவில்லை. மடையன் என்ற பொருள் எப்படி மாறியது என்று அவர் வாசிக்க, நான் சொல்லச் சொல்லத் தனித்தாளில் குறித்துக்கொண்டார். மடையன், பிறகு கூச்சப்படுகிறவன். கூச்சப்படுகிறவன், பிறகு எதிலும் குறை கண்டுபிடிக்கிறவன், ஒன்றும் பிடிக்காதவன். அங்கிருந்து நுணுக்கமானவன், நுட்பமானது. கடைசியில்தான், இருநூற்றைம்பது வருடத்துக்கு முன், இனிமையானவன்.

"ஒரு வார்த்தைக்கு இத்தன பிழைப்பா மைனி?" என்று சிரித்தார்.

"எதிலும் குறை கண்டுபிடிக்கிறவங்கன்னு வாசிச்சீயளே, அந்த இடத்த இன்னொரு தடவ வாசிங்க" என்றேன். குரல் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. ரொம்ப அழுத்தமான ஆள்.

முகத்தைப் பார்த்து ஆளை எடை போட்டுவிடுவேன், அது என் தொழில். இவர் முகத்தில் ஒன்றும் பிடிபட மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ஆங்கிலேயன் கொண்டுவந்து கொட்டிய சொல்லை நம் ஆட்கள் விட்டார்களா? மாவு மில்லில் போய், நைஸா அரைச்சுத் தாங்க என்கிறோம். அது அந்தப் பழைய நுணுக்கம். ஓட்டலில் நைஸ் தோசை. அதோடு விட்டோமா? நைஸாக நழுவினான், நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்கினான். இந்த அர்த்தம் எந்த இங்கிலீஷ் அகராதியிலும் இல்லை. இது நம் கண்டுபிடிப்பு. இனிமையாக இருப்பவனை நம்பாதே என்று பட்டுத் தெரிந்துகொண்ட ஜனங்கள் சேர்த்த அர்த்தம். கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

விசாரணையும் நடத்தினேன். என்னிடம் படித்த ஜாஸ்மின் மின்வாரிய ஆபீஸில் இருக்கிறாள். எட்வின் சார் எப்படி என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ரொம்ப நைஸ், மிஸ்."

"ஏட்டி, அந்த வார்த்தைய விட்டுட்டுச் சொல்லு."

அவள் யோசித்தாள். "யாரையும் வெரட்டி வேல வாங்க மாட்டாரு மிஸ். ஃபியூஸ் போச்சுன்னா ஆள் அனுப்பிட்டு, அவன் டீ குடிச்சிட்டு வரட்டும்னு நிப்பாரு. கரண்ட் வர சாயங்காலம் ஆயிரும். எல்லாரும் எங்களத்தான் திட்டுவாங்க."

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். இவ்வளவு நேரம் பேசி ஒரு மனிதர் மேல் இவ்வளவுதான் கிடைக்கிறது என்றால், எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்தவர் என்றுதானே அர்த்தம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஐயர் நிறுத்தியபோது எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. என்ன சொல்வது? ஐயா, இவர் கத்தரிக்காய் கொண்டுவருகிறார் என்றா? வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும். ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.

பியூலா வீட்டில் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். சாயர்புரத்துக்கு எதை எதைக் கொண்டுபோவது என்று பிரித்து வைக்கிறாள். "அம்மாவோட இட்லிச் சட்டிய நீயே வச்சுக்கக்கா" என்றாள். ஒருத்திக்கு அவ்வளவு பெரிய சட்டியில் என்னத்தை அவிப்பது? கேட்கவில்லை. அவள் போவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஏமாந்து போகக் கூடாது என்பதுதான்.

செப்டம்பர் 16, திங்கள்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மேபல் அம்மாவா, ஜனவரியில் வந்தீர்களே, கண்ணில் ஊசி போட வரச் சொன்னோமே, ஏன் வரவேயில்லை, தள்ளிப் போடக் கூடாதும்மா என்றாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

மழை வரும்போல் இருந்தது. துணியை எடுத்து உள்ளே போட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கிடைத்துவிட்டது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பியூலாவுக்கு இன்று பகல் டூட்டி. எட்வின் சாயர்புரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாக நேற்றே சொல்லியிருந்தார். நான் தெற்கு பஜாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக் கடையை விட்டு இறங்கும்போது அந்தச் சிரிப்பு கேட்டது. டெனர் சிரிப்பு. பாளையங்கோட்டையில் அப்படிச் சிரிக்கிறவர் ஒருவர்தான் உண்டு. திரும்பினால், கையில் மாட்டிய சிவப்பு ஹெல்மெட்டோடு எட்வின் வருகிறார். பக்கத்தில் ஒரு பெண், கடுகு நிறச் சேலை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிறார். "பைய வா, ஆட்டோ வருது" என்கிறார். வா, போ என்று பேசுகிற அளவுக்குப் பழக்கம்.

நேரே என் முன்னால் வந்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மூச்சுப் பேச்சு இல்லை. நான் கத்தவில்லை. அந்தப் பெண்ணை நன்றாக ஏற இறங்கப் பார்த்தேன். வெயிலில் கண் கூசியதில் முகம் சரியாக மனசில் பதியவில்லை. ஆனால் ஆள் எப்படி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, நல்ல குடும்பத்துப் பெண்ணாகத் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவள்போல் அவர்களைத் தாண்டி வந்துவிட்டேன்.

பாவம் என் தங்கை. ரத்தத்தை டெஸ்ட் ட்யூபில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவர் இங்கே எவள் கையையோ பிடித்துக்கொண்டு திரிகிறார்.

பியூலா சாயங்காலம் வந்தாள். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். அவள் நேரே குளியலறைக்குப் போனாள். முகம் கழுவ வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சாளை மீன். என் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, முள்ளை எல்லாம் எடுத்து, மீனை மட்டும் சோற்றோடு வைத்துத் தந்தாள். என்றைக்கும் இல்லாத திருநாளாக இருக்கிறது. அவர் ஏதாவது சொல்லி இவளை மயக்கிவைத்திருக்கிறாரோ என்னவோ.

செப்டம்பர் 20, வெள்ளி

பியூலா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். என் பின்னாலேயே வருகிறாள். "எக்கா, அந்தக் காலண்டர்ல நாளைக்கு என்ன கிழமைன்னு பாரேன்" என்றாள். சனிக்கிழமை என்றேன். "காலண்டரப் பாக்காமலே சொல்லுத" என்றாள். நேற்று வியாழன் என்றால் நாளைக்கு சனிதானே, இதற்குக் காலண்டர் எதற்கு. ஒரு கள்ளத்தனம் வந்துவிட்டது இவளிடமும்.

மாடிப்படி ஓரத்தில் இருந்த பூந்தொட்டிகளை எல்லாம் காணோம். பின்பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். யாரைக் கேட்டு?

நாளைக்குச் சொல்லிவிடுவேன். ஞாயிறு மூன்றாம் ஓலை. அவள் தாங்கிக்கொள்ள ஒரு நாளாவது வேண்டும்.

செப்டம்பர் 21, சனி

காலையில் காபி குடித்ததும் சொன்னேன். "ஏட்டி, உக்காரு. மனசத் திடப்படுத்திக்க. எட்வின் சாயர்புரம் போகல. வியாழக்கிழம பஜார்ல ஒருத்தி கையப் பிடிச்சிட்டு வந்தாரு. எங் கண்ணால பாத்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "சேல என்ன கலரு?" என்று கேட்டாள்.

"கடுகு கலரு."

எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம். திரும்பி வந்து என் மடியில் எதையோ வைத்தாள். புதுச் சேலை, கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். கடுகு நிறம்.

"அது நான்தாங்க்கா."

சேலையை மடியில் இறக்கினேன்.

"டூட்டின்னு பொய் சொன்னேன். அவரு வாங்கித் தந்த சேலையக் கட்டிட்டு, ரெண்டு பேருமா ஓட்டல்ல உக்காந்து ஒரு காபி குடிக்கலாம்னு போனோம். உங்கிட்ட சொல்லிட்டுப் போனா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப. கடையில இருந்து நீ எறங்கி வந்து முன்னால நிக்க. நான் செத்தேன்னு நெனச்சேன். நீ எம் மூஞ்சிக்கு நேரா பாத்த. பாத்துட்டு யாரோ எவரோன்னு போயிட்ட. கோவத்துலதான் போறன்னு நெனச்சேன். அவருதான் சொன்னாரு, பியூலா, அக்காவுக்கு உன்னத் தெரியலன்னு."

நான் சேலையை மடித்தேன். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

"எப்ப இருந்துக்கா?"

"எது?"

"எக்கா."

"ஜனவரி" என்றேன். இந்தச் சொல்லை இந்த வீட்டில் இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு கரும்புள்ளி என்றேன். யாரைப் பார்க்கிறேனோ அவர் முகம் இருக்கிற இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஓரமெல்லாம் தெரிகிறது என்றேன். பியூலா ஆஸ்பத்திரிக்காரி, அவளுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஊசியைப் பற்றிக் கேட்டாள். திங்கட்கிழமை போகலாம் என்றேன். போயிருக்க வேண்டியது எப்போது என்று அவள் கேட்கவில்லை.

"நேத்தே ஐயருக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு ஓல வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"ஒன்ன இப்படி வச்சிட்டு சாயர்புரத்துல போயி நான் என்னத்த வாழ?"

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த டைரி எழுதுவதற்கே அர்த்தமில்லை. பியூலா போகமாட்டாள். இட்லிச் சட்டி இங்கேயே இருக்கும், இரண்டு பேருக்கு அவிக்கலாம். நான் கேட்டது கிடைத்துவிட்டது, அதுவும் சபையில் எழுந்து நின்று மானம் போகாமலே கிடைத்துவிட்டது.

பிறகு அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கண்தான் போயிற்று, காது எனக்கு நன்றாகவே இருக்கிறது. அம்மா செத்த அன்றுகூட அவள் இப்படிக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழவில்லை.

நெசியஸ். தெரியாதவர். எட்வினுக்கு என்று தேடி எடுத்த சட்டை. போட்டுப் பார்த்தால் எனக்குத்தான் அளவாக இருக்கிறது.

எட்வினுக்குப் போன் செய்தேன். "உங்க வண்டியில பின்சீட்டு ஆளு உக்காருற மாதிரி இருக்கா?"

"இருக்கு மைனி."

"வாங்க. ஐயரப் பாக்கணும்."

அறுபத்தாறு வயதில் ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். ராஜபுஷ்பம் நிச்சயம் பார்த்திருப்பாள். அவர் ஒரு பள்ளத்திலும் விடாமல் ஓட்டினார். வழியெல்லாம், "இப்ப திரும்புதேன் மைனி", "இங்கன ஸ்பீடு பிரேக்கர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. உதவியாகவும் இருந்தது.

ஐயர் வீட்டில் நான்தான் பேசினேன். "நாளைக்கு ஓல வாசிக்கணும்."

"பியூலாம்மா வேண்டாம்னுட்டாங்களே டீச்சர்."

"தடை சொல்லணும்னா நான்தான் சொல்லணும். எனக்குத் தடை ஒண்ணும் இல்ல."

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லாம நான் எப்படி வாசிக்க முடியும்?" என்றார். நியாயம்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓலைய எடுத்திட்டுத்தான் வருவேன். அறிவிப்பு நேரத்துல பியூலாம்மாவப் பாப்பேன். தலையாட்டினா வாசிக்கேன். இல்லன்னா காணிக்கைப் பாட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

வாசலில் எட்வினிடம் கேட்டேன். "சாயர்புரம் வீடு நெஜமாவே இருக்கா?"

"இருக்கு மைனி."

"அத வாடகைக்கு விட்டிருங்க. எங்க வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. கட்டுமானம் நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீயளே."

அவர் மாட்டப்போன ஹெல்மெட்டை இறக்கினார். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்கு அந்தக் கரும்புள்ளிதான் தெரிந்தது. இந்த வீட்டுக்கு அடி போடுகிறார் என்று மூன்று வாரமாகக் காவல் காத்தேன். கடைசியில் சாவியை நானே எடுத்து நீட்டிவிட்டேன்.

பியூலாவிடம் எல்லாம் சொன்னேன். மாடிக்கு எட்வின் வரட்டும், நீ எங்கேயும் போக வேண்டாம், உன் கல்யாணத்துக்கு என் கண்ணைச் சாக்குச் சொல்லாதே என்றேன். தலையாட்டுவாளா மாட்டாளா என்பது தெரியாது. படுக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இதை நான் எழுதவில்லை. நேற்று எழுதியதில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது என்று பியூலா சொன்னாள். அதனால் நான் சொல்ல, எட்வின் எழுதுகிறார். முன்பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுதுங்கள், எதற்குச் சிரிக்கிறீர்கள்.

கோயிலில் பியூலா இன்று பாடகர் குழுவில் நிற்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலையாட்டுவாளா என்று நான் இடித்துக் கேட்கவில்லை. பிரசங்கம் என்ன என்று என்னைக் கேட்டால் தெரியாது.

பிரசங்கம் முடிந்து ஐயர் அறிவிப்புக்கு எழுந்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், கோயில் தெருவிளக்கு, யாருக்கோ சுகவீனம், ஜெபிக்கவும். அப்புறம் நிறுத்தினார். எங்கள் பெஞ்சைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் பியூலா பக்கம் திரும்பினேன். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் காது தெரிந்தது, கம்மல் தெரிந்தது, தோள் தெரிந்தது. தலையாட்டினாளா என்பது மட்டும் தெரியவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம். யாரோ இருமினார்கள். காணிக்கைப் பைகளை எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது ஆர்கன் ஆரம்பிக்கும், எல்லாம் முடிந்தது, நான்தான் முடித்துவைத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது ஐயர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "மறைந்த ஆசீர்வாதம், மறைந்த கிருபையம்மாள் இவர்களின் இளைய குமாரத்தி" என்றார். "இது மூன்றாம் முறை" என்றார்.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் நிறுத்திய நேரத்தில், நான் பியூலாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "ஏட்டி, மூஞ்சிய எப்படி வச்சிருக்க? சொல்லு." இதுவரைக்கும் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள் நான்.

"அழுதுட்டிருக்கேன்க்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "சிரிக்கவும் செய்யுதேன்" என்றாள். இரண்டில் எது அதிகம் என்று கேட்டேன். எக்கா, சும்மா இரு, ஐயர் பாக்காரு என்றாள்.

கல்யாணம் அக்டோபரில். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி. ஊசி போட்டாலும் போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று அங்கே ஜனவரியிலேயே சொன்னார்கள். எட்வின் வண்டியில் போகிறேன், பியூலா பஸ்ஸில் வருவாள்.

பத்திரிகைக் கட்டுரையையும் இவரே எழுதித் தருகிறேன் என்கிறார். தலைப்பு மட்டும் வேறு வைக்கச் சொன்னேன்.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். நான் சொன்னது சொன்னபடியே இருந்தது. தாளிலும் அப்படித்தான் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. பியூலா அடுத்த அறையில்தான் இருக்கிறாள், கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லலாம். நான் கூப்பிடவில்லை.